சீட்டா, விலங்கா? அமெரிக்கக் கஞ்சா வழக்குகள்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் பிள்ளைகள் படிக்கிற, வேலை பார்க்கிற வாசகர்கள் கஞ்சா வழக்குகள் பற்றி அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பெரும்பாலான கடிதங்கள் டெக்சாஸைப் பற்றியவை. அதனால் அந்த மாநிலச் சட்டமே இங்கே முன்னால் நிற்கிறது.

என் மகன் டெக்சாஸில் எம்.எஸ். படிக்கிறான். இரவில் காரை நிறுத்திச் சோதித்த போலீஸார், அரை அவுன்ஸ் கஞ்சா கிடைத்தும் ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவனுடைய அறைத்தோழனிடம் இருந்தது அதைவிடக் குறைவு. ஆனால் பக்கத்து கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பிடிபட்ட அவனுக்கு விலங்கு மாட்டி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். சட்டம் ஒன்றுதானே? இந்தச் சீட்டுக்கு அபராதம் கட்டி விஷயத்தை முடித்துவிடலாமா?
– ஒரு தந்தை, திருச்சி

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறோம், ஏனென்றால் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. அபராதம் கட்டி முடிக்க முடியாது. சிவப்பு விளக்கைத் தாண்டியதற்குக் கொடுக்கும் டிக்கெட்டைப் போலத் தெரிந்தாலும் இது வேறு. டெக்சாஸில் 2 அவுன்ஸ், அதாவது 56.7 கிராம் வரை கஞ்சா வைத்திருப்பது 'கிளாஸ் பி' குற்றம். 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். 2 முதல் 4 அவுன்ஸ் வரை 'கிளாஸ் ஏ': ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். சீட்டுக் கொடுத்ததால் குற்றத்தின் தரம் இறங்கிவிடவில்லை. ஜெயிலுக்குக் கொண்டுபோகாமல், 'இன்ன நாளில், இன்ன இடத்தில் மாஜிஸ்திரேட் முன்னால் வந்து நில்' என்று சொல்லி விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த நாளில் அவர் கட்டாயம் போயாக வேண்டும். கைதாகி வந்தவருக்குச் சொல்வதைப் போலவே குற்றச்சாட்டையும் உரிமைகளையும் மாஜிஸ்திரேட் சொல்லுவார். பிறகு பெரும்பாலும் சொந்தப் பொறுப்பில், பணம் கட்டாத பாண்டில் விடுவார். பல கவுண்டிகளில் கைரேகையும் புகைப்படமும் அன்றைக்குத்தான் எடுப்பார்கள். போகத் தவறினால் பிடிவாரண்ட் பிறக்கும். அதற்குப் பிறகு சாலையில் எந்தப் போலீஸ்காரர் நிறுத்தினாலும் சீட்டுக்கு இடமில்லை, விலங்குதான். சீட்டு வாங்கியவர்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: வீடு மாறிவிட்டது, நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய்விட்டது, தேதி மறந்துவிட்டது. சீட்டைத் தொலைத்துவிட்டால் அதில் இருந்த கவுண்டியின் நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் பெயரும் பிறந்த தேதியும் சொல்லி விசாரிக்கலாம். வழக்கு இன்னும் பதிவாகவில்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள்.

இனி, ஒருவருக்குச் சீட்டும் மற்றவருக்கு விலங்கும் ஏன் என்பது. இந்தச் சீட்டு முறை 2007-இல் டெக்சாஸ் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 14.06 பிரிவில் சேர்ந்தது. அதிகாரி சீட்டுக் கொடுக்கலாம் என்றுதான் பிரிவு சொல்கிறது. கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. டெக்சாஸில் 254 கவுண்டிகள். ஒவ்வொன்றிலும் கவுண்டிப் போலீஸுக்குத் தலைவரான ஷெரீஃப் ஒருவர், அரசு வழக்கறிஞர் ஒருவர், அதற்குள்ளே பல நகரங்களுக்குத் தனித்தனிப் போலீஸ் துறைகள். ஒரு துறை, 'கஞ்சா சிறிதளவு என்றால் சீட்டுத்தான்' என்று உத்தரவு போட்டிருக்கும். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள துறை இந்த வசதியைத் தொட்டே பார்த்திருக்காது. இரண்டும் சட்டப்படி சரிதான்.

சட்டமே வைத்திருக்கிற ஒரு நிபந்தனையும் உண்டு: பிடிபட்டவர் அதே கவுண்டியில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். அறைத்தோழர் பக்கத்து கவுண்டியில் பிடிபட்டார் என்கிறீர்கள். அங்கே இருந்த அதிகாரி சீட்டுக் கொடுக்க விரும்பியிருந்தாலும் இந்தப் பிரிவு அவருக்குக் கை கொடுத்திருக்காது. மாணவர்கள் அடிக்கடி சிக்குவது இதில்தான். ஓட்டுநர் உரிமத்தில் பழைய ஊர் முகவரி இருக்கும், அல்லது கையில் இந்திய உரிமம் மட்டும் இருக்கும். இருட்டில் சாலையோரம் நிற்கும் அதிகாரிக்கு நீங்கள் உள்ளூர்வாசி என்று எப்படித் தெரியும்? வீடு மாறினால் 30 நாளுக்குள் உரிமத்தில் முகவரியை மாற்றச் சொல்லி டெக்சாஸ் சட்டமே கேட்கிறது. வாடகை ஒப்பந்தத்தின் படம் ஒன்று போனில் இருப்பதும் நல்லது.

சீட்டா கைதா என்று அதிகாரி எதை வைத்து முடிவு செய்கிறார்? அந்த நேரத்தில் பிள்ளைகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
– ஒரு தாய், மதுரை

குடியிருப்புக்கு அடுத்தபடி அவர் பார்ப்பது அடையாளம். யார் என்று உறுதியாகத் தெரியாதவரை யாரும் சீட்டுக் கொடுத்து அனுப்ப மாட்டார்கள். பிறகு கணினியில் பெயரைப் போட்டு நிலுவையில் வாரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பார். பழைய வேகக் கட்டுப்பாட்டு டிக்கெட்டைக் கட்டாமல் விட்டதால் பிறந்த வாரண்டாக இருந்தாலும் அங்கேயே கதை மாறிவிடும். காரில் துப்பாக்கி, சிறு சிறு பைகளாகப் பிரித்துக் கட்டிய கஞ்சா, தராசு, கட்டுக்கட்டாகப் பணம் இவற்றில் ஏதாவது இருந்தால் விற்பனைக்கு வைத்திருந்ததாகச் சந்தேகம் விழும். ஓட்டுநர் போதையில் இருப்பதாகத் தோன்றினால் அது தனி வழக்கு. போதையில் ஓட்டிய குற்றத்துக்கு 14.06 பிரிவில் இடமே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து 1,000 அடிக்குள் பிடிபட்டாலும் தண்டனை ஒரு படி ஏறும்.

நடத்தையும் கணக்கில் வரும். இது நியாயமா என்று வாதாடலாம்; ஆனால் 'கொடுக்கலாம்' என்ற சொல்லை ஒரு மனிதர் கையில் கொடுத்தால் அவருடைய கோபமும் களைப்பும் அதோடு சேர்ந்தே வரும். எனவே கைகள் ஸ்டீயரிங் மேல் தெரியும்படி இருக்கட்டும். உரிமம், காப்பீட்டுத் தாள் கேட்டால் கொடுக்க வேண்டும். பொய்ப் பெயர் சொல்வது தனிக் குற்றம். 'காரைச் சோதிக்கலாமா?' என்று கேட்டால், 'நான் சம்மதிக்கவில்லை' என்று குரலை உயர்த்தாமல் ஒருமுறை சொன்னால் போதும். அதற்குப் பிறகும் அவர் சோதித்தால் தடுக்கக் கூடாது. அந்த மறுப்பு பின்னால் நீதிமன்றத்தில் உதவும். 'இது யாருடையது? எவ்வளவு நாளாகப் பிடிக்கிறாய்?' என்ற கேள்விகளுக்கு, 'வழக்கறிஞர் இல்லாமல் பேச விரும்பவில்லை' என்பதே பதில். நம் பிள்ளைகள் மரியாதை என்று நினைத்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுகிறார்கள். மரியாதையாக நடப்பது வேறு, வாக்குமூலம் கொடுப்பது வேறு.

சீட்டில் கையெழுத்துக் கேட்டால் போட்டுவிடலாம். அது குற்றத்தை ஒப்புக்கொள்வதல்ல, சொன்ன நாளில் வருகிறேன் என்ற உறுதி. மறுத்தால் சீட்டுக்குப் பதில் ஜெயில்தான்.

என் மருமகனிடம் இருந்தது கஞ்சா இலை இல்லை, கஞ்சா சேர்த்த 'கம்மி' மிட்டாய் பத்து. கொலராடோவில் கடையில் ரசீதோடு வாங்கியது. டெக்சாஸ் போலீஸார் சீட்டுக் கொடுக்கவே முடியாது என்கிறார்களாம். மிட்டாய்க்கா?
– ஒரு வாசகி, ஈரோடு

அவர்கள் சொல்வது சரி, அம்மா. கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஆனாலும் முழுதாகச் சொல்ல வேண்டும். டெக்சாஸ் சட்டத்தில் கஞ்சா இலையும் மொட்டும் ஒரு வகை. அதிலிருந்து பிரித்தெடுத்த, போதை தரும் பொருளான டி.எச்.சி. இன்னொரு வகை. மின்சிகரெட் எண்ணெய், மெழுகு, மிட்டாய், கேக் எல்லாம் இரண்டாவது வகையில் வரும். அதில் சிறு குற்றம் என்ற படியே கிடையாது. 1 கிராமுக்குக் கீழே இருந்தாலும் பெருங்குற்றம்: 180 நாள் முதல் 2 ஆண்டு வரை அரசு சிறை, 10,000 டாலர் வரை அபராதம். 1 முதல் 4 கிராம் வரை 2 முதல் 10 ஆண்டு. 4 முதல் 400 கிராம் வரை 2 முதல் 20 ஆண்டு.

எடை போடும் விதம்தான் இதைவிடக் கொடுமை. மிட்டாய்க்குள் இருக்கும் டி.எச்.சி. சில மில்லிகிராம்தான் இருக்கும். ஆனால் சர்க்கரை, ஜெலட்டின் உட்பட மொத்த எடையைத்தான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஒரு மிட்டாய் 4 கிராம் என்றால் பத்து மிட்டாய் 40 கிராம். ஒரு அவுன்ஸ் இலை வைத்திருந்தவர் சீட்டோடு வீட்டுக்குப் போகும் அதே சாலையில், பத்து மிட்டாய் வைத்திருந்தவர் 20 ஆண்டு வரை தண்டனை உள்ள பிரிவில் நிற்கிறார். முழுத் தண்டனையும் கிடைத்துவிடும் என்று இதற்குப் பொருளல்ல. முதல் முறை பிடிபட்டவர்களுக்கு அரசு வழக்கறிஞர்கள் குற்றச்சாட்டைக் குறைத்துப் பேச முன்வருவதுண்டு. ஆனால் சாலையில் நிற்கும் அதிகாரிக்குச் சீட்டு என்ற வழி இல்லை.

ரசீது காப்பாற்றாது. கொலராடோவில் வாங்கியது அங்கேதான் சட்டபூர்வம். மாநில எல்லையைத் தாண்டிக் கொண்டுபோனதே கூட்டாட்சிச் சட்டப்படி தனிக் குற்றம். நல்ல குற்றவியல் வழக்கறிஞரை இன்றே அமர்த்துங்கள். ஆய்வகம் எதை எடை போட்டது, எத்தனை மிட்டாயைச் சோதித்தது என்பதே அவர் முதலில் கேட்க வேண்டியது.

சாதாரணக் குற்றத்துக்கு விலங்கு மாட்டுவது அமெரிக்க அரசமைப்புக்கு எதிரானதில்லையா?
– ஒரு சட்ட மாணவர், சென்னை

இல்லை என்று அங்கே உச்ச நீதிமன்றம் 2001-இலேயே சொல்லிவிட்டது. டெக்சாஸின் லாகோ விஸ்டா ஊரில் குழந்தைகளுக்கு சீட் பெல்ட் போடாமல் ஓட்டிய தாயைப் போலீஸ்காரர் கைது செய்தார். அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனையே 50 டாலர் அபராதம். ஆனாலும் அதிகாரியின் கண்முன் குற்றம் நடந்தால் கைது செல்லும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. 2008-இல் வர்ஜீனியா வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: மாநிலச் சட்டம் 'சீட்டுத்தான் கொடுக்க வேண்டும்' என்று சொல்லியும் அதிகாரி கைது செய்தார், அந்தக் கைது, நியாயமற்ற கைதையும் சோதனையையும் தடுக்கிற அரசமைப்பின் நான்காவது திருத்தத்தை மீறவில்லை என்றது நீதிமன்றம்.

மறுபக்கத்தில் படிக்க வேண்டியது 1998-இன் நோல்ஸ் வழக்கு. அயோவாவில் வேகமாக ஓட்டியதற்குச் சீட்டு எழுதிக் கொடுத்த அதிகாரி, அதையே காரணமாக வைத்துக் காரைக் குடைந்து கஞ்சாவும் புகைக்குழாயும் எடுத்தார். கைது செய்தால் உடன் சோதிக்கும் அதிகாரம் உண்டு, வெறும் சீட்டுக்கு அது கிடையாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். சீட்டா கைதா என்ற தேர்வுக்கு இப்படி இன்னொரு முகமும் உண்டு. கைது செய்கிற அதிகாரிக்குச் சட்டைப் பையும் சேர்ந்தே திறக்கிறது.

நியூயார்க்கில் 1977-இலேயே கஞ்சாவைச் சிறு குற்றமாக்கிவிட்டார்கள் என்று படித்தேன். பிறகு ஏன் அங்கே அவ்வளவு பேர் கைதானார்கள்?
– ஒரு வாசகர், புதுச்சேரி

இந்தப் பொருளில் மிகவும் வேதனையான பகுதி இது. 1977 சட்டப்படி 25 கிராம் வரை சட்டைப் பையில் இருந்தால் முதல் முறை 100 டாலர் வரை அபராதம், அவ்வளவுதான். ஆனால் அதே கஞ்சா பொது இடத்தில் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தாலோ புகைந்தாலோ கைது செய்யத்தக்க குற்றம். சாலையில் நிறுத்தப்பட்ட இளைஞனிடம், 'பையில் இருப்பதை வெளியே எடு' என்பார் போலீஸ்காரர். அவன் எடுத்த அந்த நொடியில் அது 'பொது இடத்தில் தெரிந்த கஞ்சா' ஆகிவிடும். 2011-இல் மட்டும் நியூயார்க் நகரில் கஞ்சாவுக்காக 50,000-க்கும் மேற்பட்ட கைதுகள். அந்த ஆண்டு செப்டம்பரில் போலீஸ் ஆணையரே, கட்டளைக்குக் கீழ்ப்படிந்து வெளியே எடுத்ததைப் பொதுப் பார்வையாகக் கணக்கிடக் கூடாது என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. 2014 நவம்பரிலிருந்து 25 கிராம் வரை சம்மன் கொடுத்தால் போதும் என்றார்கள். 2021 மார்ச் 31-இல் 21 வயது நிரம்பியவர் 3 அவுன்ஸ் வரை வைத்திருப்பது குற்றமே இல்லை என்றானது.

பிடிபட்டவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். வெள்ளையரும் கறுப்பரும் கஞ்சா பயன்படுத்தும் அளவு ஏறத்தாழ ஒன்றே. ஆனாலும் நாடு முழுவதுமான 2018 புள்ளிவிவரத்தை வைத்து ஏ.சி.எல்.யு. என்ற குடிமை உரிமை அமைப்பு கணக்கிட்டபோது, கறுப்பர் கைதாகும் வாய்ப்பு 3.64 மடங்கு. 'அதிகாரியின் விருப்பம்' என்பது யார் மேல் பாய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எச்1பி விசாவில் இருக்கும் என் தம்பிக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். 'டெஃபர்ட் அட்ஜுடிகேஷன் (தீர்ப்பைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பில் விடும் ஏற்பாடு) வாங்கிக்கொள், ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் தண்டனைப் பதிவே இருக்காது' என்று ஒரு வழக்கறிஞர் சொல்கிறாராம். ஒத்துக்கொள்ளலாமா?
– ஒரு அண்ணன், சேலம்

கையெழுத்துப் போடுவதற்கு முன் நிறுத்தச் சொல்லுங்கள். அமெரிக்கக் குடிமகனுக்கு அது நல்ல யோசனை. உங்கள் தம்பிக்கு அது பொறி. டெக்சாஸ் கணக்கில் அது தண்டனை இல்லை. குடிவரவுச் சட்டத்தின் கணக்கில் தண்டனை. குற்றத்தை ஒப்புக்கொண்டோ, மறுக்காமல் விட்டோ, அதற்காக நன்னடத்தைக் கண்காணிப்பு மாதிரி ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதிக்கப்பட்டாலே போதும், அது தண்டனைதான் என்று அந்தச் சட்டம் வரையறுத்திருக்கிறது.

இரண்டு கதவுகள் இருக்கின்றன, இரண்டுக்கும் விதி வேறு. உள்ளே இருப்பவரை நாடு கடத்துவது ஒன்று: சொந்த உபயோகத்துக்காக 30 கிராம் அல்லது அதற்குக் குறைவான கஞ்சா, அதுவும் ஒரே ஒரு முறை என்றால் விலக்கு உண்டு. வெளியே போய் விசா முத்திரைக்கோ கிரீன் கார்டுக்கோ நிற்பது இன்னொன்று: அங்கே 30 கிராமுக்குள் இருந்தாலும் தானாக விலக்கு கிடையாது, தனியாக மன்னிப்பு மனுப் போட வேண்டும். கல்யாணத்துக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்ப முடியாமல் நிற்பது இதனால்தான்.

30 கிராம் என்ற எண்ணைக் கவனியுங்கள். டெக்சாஸ் குற்றப்பத்திரிகையில் '2 அவுன்ஸ் வரை' என்றுதான் இருக்கும். 2 அவுன்ஸ் என்றால் 56.7 கிராம். கையில் இருந்தது 10 கிராமாகவே இருந்தாலும் தாளில் அது தெரியாது. மன்னிப்பு கேட்கும்போது 30-ஐத் தாண்டவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தம்பியுடையது. எனவே சரியான எடை போலீஸ் அறிக்கையிலோ ஆய்வக அறிக்கையிலோ நீதிமன்ற ஆவணத்திலோ எழுத்தில் வந்தாக வேண்டும்.

கேட்க வேண்டியது, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, விசாரணைக்கு முன்பே அரசுத் தரப்பு வழக்கைத் திரும்பப் பெறும் திட்டம். ஹாரிஸ் கவுண்டியில், அதாவது ஹூஸ்டன் பகுதியில், 2017 மார்ச் 1 முதல் 4 அவுன்ஸ் வரைக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது: நான்கு மணி நேர வகுப்பு, 150 டாலர் கட்டணம், முடித்தால் குற்றச்சாட்டே இல்லை. மற்ற கவுண்டிகளின் ஒப்பந்தங்களை வரி வரியாகப் படிக்க வேண்டும். சிலவற்றில் 'நான் குற்றம் செய்தேன்' என்று ஒரு வாசகம் உள்ளே இருக்கும். அந்த ஒரு வரி எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

நாடு கடத்தும் ஆபத்தைக் குற்றவியல் வழக்கறிஞர் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010-இல் பதியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கே லாரியில் கஞ்சா ஏற்றி வந்தவருடையது. தம்பியின் வழக்கறிஞர் குடிவரவு பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லையென்றால், குடிவரவு வழக்கறிஞர் ஒருவரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் மகள் கலிஃபோர்னியாவில் கிரீன் கார்டு வைத்திருக்கிறாள். அங்கே 28.5 கிராம் வரை சட்டபூர்வம்தானே? சீட்டும் இல்லை, கைதும் இல்லையே?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

21 வயது நிரம்பியவருக்கு மாநிலப் போலீஸாரால் தொல்லை இல்லை. கூட்டாட்சிச் சட்டத்தில் கஞ்சா இன்றும் தடைசெய்யப்பட்ட பொருள், குடிவரவு அதைத்தான் பார்க்கும். தேசியப் பூங்காவுக்குள் நுழைந்தாலே கூட்டாட்சி நிலம்; அங்கே ரேஞ்சர் சீட்டுக் கொடுப்பார். விமான நிலையத்தில் போனில் உள்ள படத்தைக் காட்டி, 'நீ பிடித்ததுண்டா?' என்று கேட்டு முறைப்படி ஒப்புதல் வாங்கினால், வழக்கே இல்லாமலும் அனுமதி மறுக்க முடியும். குடியுரிமை விண்ணப்பத்திலும் மாநிலச் சட்டம் காப்பாற்றாது என்று 2019 ஏப்ரலில் குடியுரிமைத் துறை தெளிவாக எழுதிவிட்டது. குடியுரிமை வாங்கும்வரை தொடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

வழக்குத் தள்ளுபடி ஆகிவிட்டது. பதிவை அழித்துவிட்டால் விண்ணப்பங்களில் 'இல்லை' என்று எழுதலாமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

கூடாது. கிரீன் கார்டு, குடியுரிமை விண்ணப்பங்கள் கைதைப் பற்றி மட்டும் கேட்பதில்லை, 'சீட்டு வழங்கப்பட்டதா' என்றும் சேர்த்தே கேட்கின்றன. மாநில நீதிமன்றம் அழித்தாலும் கைரேகை எடுக்கப்பட்டிருந்தால் கூட்டாட்சித் தரவில் அது தங்கியிருக்கக்கூடும். 2025 வசந்தத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் குடிவரவுப் பதிவுகள் போலீஸ் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு ரத்து செய்யப்பட்டபோது, தள்ளுபடியான வழக்குக்காரர்களும் அதில் இருந்தார்கள். வழக்குகள் தொடரப்பட்ட பிறகு ஏப்ரல் இறுதியில்தான் அவற்றைத் திரும்ப உயிர்ப்பித்தார்கள்.

வரிசை முக்கியம். பதிவை அழிக்க மனுப் போடுவதற்கு முன்னால், குற்றப்பத்திரிகை, தள்ளுபடி உத்தரவு, எடை குறித்த அறிக்கை ஆகியவற்றின் நீதிமன்ற முத்திரையிட்ட நகல்களை மூன்று தொகுதி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அழித்த பிறகு எழுத்தரிடம் போனால், அப்படி ஒரு வழக்கே இல்லை என்றுதான் பதில் வரும். விசா அதிகாரியோ அந்தத் தாளைத்தான் கேட்பார்.